வாசிக்காமல் நின்ற ஒரு பாட்டு

பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். சாமி கும்பிடுகிற குடும்பம் என்று தெருவில் பெயர் எடுத்தவர்கள் இப்படிச் செய்தார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனாலும் செய்தோம். அதுவும் ஒரு கிடாருக்காக.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா இல்லாததால் அந்தப் பொறுப்பு அப்பா தலையிலும் பெரியப்பா தலையிலும் இருந்தது. அப்பாவுக்கு சன்னதித் தெருவில் தேங்காய், பழம், கற்பூரம் விற்கிற கடை. பெரியப்பாவுக்கு வேங்கிக்காலில் கவர்மெண்டு உத்தியோகம். ஆகவே எந்தக் காரியமானாலும் அப்பா அண்ணாமலையாரைக் கேட்பார். பெரியப்பா ஆபீசில் நாலு பேரைக் கேட்பார். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தரகர் கொண்டுவந்த பையன் ஒரு பாட்டுக் குழுவில் இருந்தார். பெண் பார்க்க அவருடைய அம்மாவோடு வந்து, பாயின் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். முறுக்குத் தட்டைக் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

"தம்பி என்ன பண்றீங்க?" என்றார் பெரியப்பா.

"கிடார் வாசிக்கிறேங்க."

"அது சரி. வேலை என்ன?"

"அதாங்க வேலை."

சமையல்கட்டில் காபியோடு நின்ற அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அவளைக் கிள்ளினாள். பெரியப்பா விடவில்லை. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் என்றார் அவர். அந்த வெள்ளைக்காரர் நாட்டில் ராக் என்று ஒரு சங்கீதம் இருக்கிறதாம், அதில் கிடார்தான் ராஜாவாம், தனக்கு உயிர் அதுதானாம். சொல்லும்போது கூச்சம் போய் முகமே வேறாகிவிட்டது.

"அத இந்த ஊர்ல யாரு கேப்பாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரும் கேக்க மாட்டாங்கதாங்க" என்றார்.

இப்படிப் பதில் சொன்னவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவர்கள் போனதும் பெரியப்பா ஆரம்பித்தார். அவருடைய ஆபீஸ் விழாவுக்குக் கீபோர்டு என்று ஒரு பெட்டி வந்ததாம். ஒரே ஆள், ஒரே பெட்டி. தபேலா வேண்டுமா, புல்லாங்குழல் வேண்டுமா, கிடார் வேண்டுமா, எல்லாம் அதற்குள்ளேயே. "இன்னும் ரெண்டு வருஷம் போனா இந்தப் பையன யாரு கூப்புடுவான்? கீழ்பென்னாத்தூர் வரன் தங்கமான வரன். சொந்த உரக்கடை. விதைக்கிறவன் இருக்கற வரைக்கும் உரம் விக்கும்." முன்பே வந்து பெண் பார்த்துவிட்டுப் போன அந்த வரன் வீட்டார் வெள்ளிக்கிழமை பதில் கேட்டு வருவதாக இருந்தார்கள்.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது அத்தை அம்மாவிடம் மட்டும், "எனக்குப் புடிச்சிருக்கு அண்ணி" என்றாளாம். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை அம்மா வழியாக அப்பாவிடம் போய், அப்பா தூக்கம் கெட்டது.

அவருக்குப் பாட்டு என்றால் கோயில்தான். கிடார் என்றால் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. கடைசியில், "ஒருக்கா போய்க் கேட்டுட்டு வரலாம்ணா. அந்தப் பொருளு தேவையா இல்லையான்னு காதால கேட்டாத் தெரிஞ்சிடப் போவுது" என்றார். தரகரை விசாரித்ததில், வியாழக்கிழமை சாயங்காலம் வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு, அங்கே அந்தக் குழு வாசிக்கிறது என்று தெரிந்தது. கல்யாணம் யாருடையது என்று தரகருக்கும் தெரியாது.

அழையாத வீட்டில் கை நனைக்க அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். கோயிலில் ஒரு அர்ச்சனை செய்து பிரசாதமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. குருக்கள் யார் பேருக்கு என்று கேட்டார். மாப்பிள்ளை பெயரும் தெரியாது, பெண் பெயரும் தெரியாது. "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார் அப்பா.

அத்தையை வீட்டில் விட்டுவிட்டு அப்பா, அம்மா, பெரியப்பா, நான் என்று நாலு பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். மண்டப வாசலில் சந்தனம் நீட்டிய பெரியவர், "பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டார். பெரியப்பா வாய் திறப்பதற்குள் அப்பா, "ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு வந்திருக்கோம்ங்க" என்றார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பெரியவர் குளிர்ந்துபோய் எங்களைக் கையோடு மேடைக்கே அழைத்துப்போய்விட்டார். முன்பின் தெரியாத ஒரு ஜோடிக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டோம். அப்பா விபூதி பூசிவிட, மாப்பிள்ளையும் பெண்ணும் அவர் காலில் விழுந்து கும்பிட்டார்கள். அந்தப் படத்தில் இருக்கும் நாலு பேர் யாரென்று அவர்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை நடக்குமோ என்னவோ.

பெரியப்பா ஒரு தூணுக்குப் பின்னால் நாற்காலி பிடித்தார். பாட்டுக் குழு பக்கவாட்டு மேடையில் ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தது. பாட ஒரு ஆண், ஒரு பெண், தாளத்துக்கு ஒருவர், நட்டநடுவே கீபோர்டுக்காரர். ஓரத்தில், சிவப்புக் கிடாரோடு அவர்.

சரிபார்ப்பதற்காக அவர் கம்பியை ஒரு இழுப்பு இழுத்தார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? தேர் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை அரைபடுமே, அப்படி ஒரு உறுமல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் கண்ணை மூடி இன்னும் கொஞ்சம் உறும விட்டார். அதற்குள் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து, "யப்பா, காது போவுது. அத கம்மி பண்ணுப்பா" என்றார். அவர் சிரித்துக்கொண்டே குறைத்தார். குறைத்தது குறைத்ததுதான். அதன்பிறகு அந்தச் சத்தம் வரவே இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. நாங்கள் நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாட்டு கேட்கிறது, தாளம் கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது. கிடார் எங்கே? அப்பா கையைக் காதுக்குப் பின்னால் மடித்து வைத்துப் பார்த்தார். பெரியப்பா என் முதுகைத் தட்டினார். "நீ கிட்ட போயி பாரு. அவன் வாசிக்கிறது கேக்குதா, இல்ல அந்தப் பொட்டிதான் எல்லாம் வாசிக்குதான்னு பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். அவர் வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, ஆனால் தனியாக எந்தச் சத்தமும் எனக்குக் காதில் விழவில்லை. அடுத்த பாட்டுக்கு நடுவில் அழகாக ஒரு கிடார் சத்தம் வந்தது. சந்தோஷமாக நிமிர்ந்தால், அவர் கை சும்மா இருக்கிறது. கீபோர்டுக்காரரின் விரல்தான் ஓடுகிறது! பெட்டிக்குள்ளிருந்து கிடார் வருகிறது, கிடார்க்காரர் நின்று வேடிக்கை பார்க்கிறார். ஓடிவந்து அப்படியே சொன்னேன்.

"கேட்டுக்கினியா?" என்றார் பெரியப்பா அப்பாவிடம். "கல்யாணத்துக்கு வந்து நிக்கிற நம்மள மாதிரிதான் அவனும். யாரும் கூப்புடல, சும்மா நிக்கிறான்."

அப்பா நெற்றி விபூதியைத் தடவிக்கொண்டார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. வீட்டில் அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. யாரும் அனுப்பாமலே மறுபடி மேடைக்குப் போனேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க நெஜமாவே வாசிக்கிறீங்களா?"

மாமா என்று கூப்பிட்டது எப்படி வாயில் வந்ததோ. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முறுக்குத் தட்டை அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது. பிறகு கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்தார். தூணுக்கு இந்தப் பக்கம் பெரியப்பாவின் தோள் தெரிந்தது. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

சத்தத்தைக் கூட்டி அந்த உறுமலை இன்னொரு தரம் விடப்போகிறார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் மண்டபமே திரும்பிப் பார்த்திருக்கும். அவர் குனிந்து, "இந்தப் பாட்டுக்கு நான் வாசிக்கல பாப்பா. நீ போயி உங்கப்பா பக்கத்துல உக்காந்து கேளு" என்றார்.

நான் போகவில்லை. ஏமாற்றிவிடுவாரோ என்று அங்கேயே நின்று பார்த்தேன். பாட்டு ஆரம்பித்தது. சொன்னபடியே அவர் வாசிக்கவில்லை. பாட்டு முடிந்தபின் திரும்பி வந்தேன்.

"என்னமோ இந்தப் பாட்டு சப்புனு போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. அதுவரை தாளம் போட்டுக்கொண்டிருந்த அவள் கால் நின்றிருந்தது.

"ஸ்பீக்கர்ல ஏதோ போயிடுச்சு போல. அடியில ஒண்ணு கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார் அப்பா.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. பந்தி போட்டுட்டாங்க, எழுந்திருங்க" என்றார் பெரியப்பா.

அவர் வாசிக்காத பாட்டு அது என்று நான் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தியில் பெரியப்பா மட்டும் ஜாங்கிரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

திரும்பி வரும் வழியில் அப்பா மெதுவாகச் சொன்னார். "கோயில்ல நாயனத்துக்குப் பின்னால ஒருத்தர் ஒரே சுருதியா ஒத்து ஊதிக்கினு நிப்பாரு பாருங்கண்ணா. அவரை யாரும் கேக்கறதில்ல. ஆனா அவரு நிறுத்திட்டா நாயனம் அம்மணமா போயிடும்."

"அதான் நானும் சொல்றேன். ஒத்து ஊதுறவனுக்கா பொண்ணு குடுப்பே? அதுக்கும் இப்ப சுருதிப் பொட்டி வந்துடுச்சு. ஸ்விட்சு போட்டா போதும்."

பெரியப்பா சொன்னது பலித்தும் விட்டது. எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் இப்போது தீபாராதனைக்கு முரசும் மணியும் இயந்திரத்தில் அடிக்கின்றன. என் பிள்ளை கேட்கிற பாட்டெல்லாம் கம்ப்யூட்டரில் செய்ததாம். கிடார் எல்லாம் பழங்கதைம்மா என்கிறான். இருக்கலாம். இயந்திரம் அடிக்கிற முரசுக்குப் பிள்ளையார் காதைப் பொத்திக்கொள்வதில்லை. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வருகிறேன். ஆனால் கையால் அடித்த காலத்தில், அடிக்கிறவருக்கும் சேர்த்துக் கும்பிட்ட மாதிரி இருக்கும். இப்போது சாமியை மட்டும் கும்பிடுகிறேன். இது கூடுதலா குறைவா என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பா அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மண்டபத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார். "எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியலம்மா. இருந்தா கேக்கல, இல்லன்னா கொறையுது. அண்ணன் சொல்றதும் ஞாயந்தான். நாளைக்கு அவங்க பதில் கேட்டு வராங்க. நீயே சொல்லிடு" என்றார். எங்கள் வீட்டில் ஒரு பெண்ணிடம் அப்படி முடிவைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அம்மா பிற்பாடு சொல்வாள்.

அத்தை என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள்.

"ஒரு பாட்டு வாசிக்காம நின்னாரே, அப்ப என்ன பண்ணிக்கினு இருந்தாரு?"

"ஒண்ணும் பண்ணல. வலது கைய தொங்கப் போட்டுட்டு நின்னாரு."

"இடது கை?"

அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. "அது மட்டும் கம்பி மேல போயிக்கினே இருந்துச்சு அத்த. பாட்டுக்கு ஏத்த மாதிரி. சத்தமே வரல. பாட்டு முடியறப்ப சரியா எடுத்துட்டாரு."

"யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல. நான்தான் பாத்தேன். எல்லாரும் பாடுறவங்களப் பாத்துக்கினு இருந்தாங்க."

அத்தை கொஞ்ச நேரம் என் சடையின் ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நேரே உள்ளே போய், "கீழ்பென்னாத்தூர்க்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிடுங்கண்ணா. இவரையே பேசுங்க" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. நான் சொன்னது அவளுக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்தேன். பின்னாலேயே ஓடி, "அத்த, அவரு வாசிக்கவே இல்ல! சும்மாதான் விரல ஆட்டினாரு! நான் கண்ணால பாத்தேன்!" என்று கத்தினேன். அம்மா சிரித்தாள். அத்தை என் வாயைப் பொத்தினாள். அப்பா, "அண்ணாமலையானே" என்று சொல்லிக்கொண்டு எழுந்து கால் கழுவப் போனார். பெரியப்பா மட்டும்தான், "கொழந்தை சொல்றத யாராவது கேக்கறீங்களா?" என்றார்.

அந்த வீட்டில் அன்றைக்கு அறிவுள்ள ஆள் பெரியப்பா ஒருவர்தான் என்று முடிவுசெய்து, நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.