குடைக்குப் பதில் புத்தர்

குடையைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை என் தம்பி முதலில் உட்கார வைப்பான். தண்ணீர் கொடுப்பான். பிறகுதான் நிறம் கேட்பான். பேருந்து நிலையத்தின் பின்பக்கம், தொலைந்த பொருள்கள் அறைக்குப் பதினோரு ஆண்டுகளாக அவன்தான் பொறுப்பு. இன்றைய நிலவரம்: நூற்று நாற்பது குடை, முப்பத்தேழு ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட்டு. ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு தொங்கும். முத்து முத்தான கையெழுத்து.

குடை கிடைக்காதவர்களுக்குப் புத்தர் கிடைப்பார்.

“துக்கம் இருக்குங்க. ஆனா அதுக்கு வேர் குடை இல்ல, ‘என் குடை’ங்கற ஆசை. ஆசை போச்சுன்னா துக்கமும் போயிடும். போறதுக்கு எட்டு வழி இருக்கு” என்று அடுக்குவான். ஏழு வரும். எட்டாவது ஒருநாளும் வந்ததில்லை.

“முதல்ல மழை போகட்டும் சார்” என்று ஒருவர் நனைந்துகொண்டே போனார்.

இத்தனையும் அவன் கற்றது, யாரோ பேருந்தில் விட்டுப்போன புத்தகத்தில். “விட்டுட்டுப் போனான் பாரு, அவன்தான்டா அதை ஒழுங்கா படிச்சவன்” என்பேன். சிரிப்பான்.

மூன்று மாதங்களுக்கு முன் கூடையோடு ஒரு பூனை வந்தது. தொண்ணூறு நாள் யாரும் கேட்காவிட்டால், விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. பூனைக்கும் சீட்டுக் கட்டினான். ஒரே வாரத்தில் தன் நாற்காலியை அதற்குக் கொடுத்துவிட்டு முக்காலிக்கு மாறினான். அறுபதாம் நாள் என்னிடம் அதற்கு மெத்தை தைக்கச் சொன்னான்.

“ஆசைதான் வேர்னியேடா?”

“இது ஆசை இல்லக்கா, கருணை.”

எண்பத்தெட்டாம் நாள் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஊன்றுகோலோடு ஒரு பெண் வந்தாள்.

“சார், கூடையில ஒரு பூனை... பஸ்ஸிலேர்ந்து இறங்கறப்ப விழுந்துட்டேன். கூடை பஸ்ஸோடயே போயிடுச்சு. நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய விட்டாங்க.”

பூனை அலமாரிக்குப் பின்னால் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து தெரியாது. ஒரே ஒரு ‘இல்லை’ போதும். தம்பி அலமாரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“இல்லைன்னு சொல்ல ரொம்ப ஆசையா இருக்கும்மா” என்றான். “ஆனா இருக்கு.”

கூடைக்குள் பூனையை வைத்தான். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினான். “வலது காதுக்குப் பின்னாடி தடவினா உடனே தூங்கிடும்.”

“தெரியும் சார்” என்று அவள் சிரித்தாள்.

கூடையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். கைப்பிடியில் இரண்டு கைகள் இருந்தன; அவள் இழுக்கவில்லை. தம்பி ஒவ்வொரு விரலாக எடுத்தான். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் தாமதித்தது. பிறகு அதுவும் வந்தது.