நேராக வீட்டுக்குப் போகாத அண்ணி

அண்ணியின் நினைவு மலரை அச்சடிக்கக் கொடுத்தபோது, அச்சகத்தில் ஒரு தாளை நீட்டி நிரப்பச் சொன்னார்கள். பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, பணி என்று வரிசையாகக் கோடு போட்டிருந்தது. முதல் கோட்டிலேயே என் பேனா நின்றுவிட்டது. எங்கள் அண்ணி பிறந்த ஊரின் பெயர் இருபத்தைந்து வருடமாகியும் என் வாயில் நுழையவில்லை. கடைசியில் 'பிலிப்பைன்ஸ் நாட்டில் கடலோரம் ஒரு சிற்றூர்' என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த அச்சகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, பொம்மிடி பக்கம்னுதான சொன்னீங்க?"

"வாக்கப்பட்டு வந்தது பொம்மிடி பக்கம். பொறந்தது அங்க."

அவ்வளவுதான். அந்த அம்மா வேலையை ஓரம் கட்டிவிட்டு முழுக் கதையையும் கேட்டார். எங்கள் அண்ணியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதற்கு மேல் கேட்காமல் போனவர் யாரும் கிடையாது. அவரிடம் சொன்ன மாதிரியே இங்கும் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அண்ணியின் கொழுந்தன். பொம்மிடியில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் கொஞ்சம் நிலமும் உண்டு. அந்த நிலம் இந்தக் கதையில் வரும்.

அண்ணியின் அப்பா மீன் பிடித்தவர். அம்மா கிழங்கை அரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, அடை மாதிரி சுட்டு விற்றவர். என்ன கிழங்கு என்றால் நம் மரவள்ளிதான்! அண்ணி இங்கே வந்த புதிதில் பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டின் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு நிற்பதைப் பார்த்து, ஓடுகிற பஸ்ஸுக்குள் கைதட்டினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

அவர் சிறுமியாக இருந்தபோது, அந்த ஊர்க் கரையோரத்தில் சேற்றில் வேர்விட்டு நின்ற மரங்களை வெட்டிவிட்டு இறால் குட்டை போட்டிருக்கிறார்கள். அலையைத் தடுத்து நின்றவை அந்த மரங்கள்தானாம். அடுத்து வந்த புயலில் கடல் வீட்டுக்குள் புகுந்தது. வீடும் போனது, அண்ணியின் தம்பி ஒருவரும் போனார். நான் ஒருமுறை விடாமல் கேட்டேன்.

"யாருங்க அண்ணி அந்த மரத்த வெட்டினது?"

"எங்க சித்தப்பாதாங்க."

"அடப்பாவி! அப்புறம் அந்தாளுகூடப் பேசினீங்களா?"

"பேசாம எப்படிங்க? அடுத்த வூடுங்க. நானும் சித்தப்பாவும்தான் திரும்ப மரம் நட்டோமுங்க."

எனக்கு அது புரியவில்லை. நானாக இருந்தால் அந்த ஆளின் முகத்தில் முழித்திருக்க மாட்டேன்.

படித்து முடித்ததும் அவர் ஊர் நகராட்சியில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் அப்போது சரக்குக் கப்பலில் ஃபிட்டர். பழுது பார்க்க அந்த ஊரில் நின்ற கப்பலிலிருந்து எண்ணெய் கடலில் கசிந்திருக்கிறது. நோட்டீஸை எடுத்துக்கொண்டு கப்பலுக்கு வந்தவர் அண்ணி. கேப்டன் கரைக்குப் போயிருந்ததால் அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கினார். "அன்னிக்குப் போட ஆரம்பிச்சவன்டா, இன்னும் அவ நீட்டற எடத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கன்" என்று அண்ணன் சொல்வார்.

ஊரில் முதலில் 'சீனாக்காரம்மா' என்றார்கள். "சீனா இல்லீங்க, பிலிப்பைன்ஸுங்க" என்று சிரித்துக்கொண்டே திருத்துவார். தமிழை எங்கள் வீட்டில்தான் கற்றார். மரியாதைக்கு 'ங்க' போட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, "ஆடுங்க வருதுங்க, அடிக்காதீங்க ஆடுங்க" என்று ஆட்டுக்கும் மரியாதை கொடுத்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும்தான்.

இழவு என்றால் அண்ணி முதல் ஆளாகப் போய் நிற்பார். எந்தத் தெரு, எந்தச் சாதி என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஆனால் திரும்பும்போது நேராக வீட்டுக்கு வர மாட்டார். சுற்றிக்கொண்டு போய், சித்தேரி மலையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் திரும்புகிற முக்கில், சின்னப் பாலத்துக் கட்டையின் மேல் பத்து நிமிடம் உட்காருவார். பிறகுதான் வீடு. ஒவ்வொரு சாவுக்கும் இப்படியே. ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜெபம் பண்ணுகிறார் என்றார்கள் சிலர், மந்திரம் என்றார்கள் சிலர். நான் நினைத்தது வேறு.

அந்த வாய்க்கால் என் நிலத்தின் வழியாகத்தான் ஏரிக்குப் போக வேண்டும். மழை பொய்த்துத் தூர்ந்து கிடந்த வருடங்களில், நான் அதற்குள் ஐந்து தென்னை வைத்து, ஒரு மோட்டார் ஷெட்டும் கட்டிவிட்டேன். எல்லாரும் செய்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அண்ணி முக்கில் உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பாதையில் திரும்பிவிடுவேன். நகராட்சியில் நோட்டீஸ் கொடுத்தவர் அல்லவா! என் மரங்களைத்தான் கணக்கெடுக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் ஒரு குலை இளநீரை வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்ல இனிப்புங்க தம்பி. எந்த மரத்துதுங்க?" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது.

அண்ணி இந்தியக் குடியுரிமை வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்கு அண்ணனும் நானும் கூடப் போனோம். உறுதிமொழி சொல்லும்போது குரல் தெளிவாக இருந்தது. பஸ்ஸில் திரும்பினோம். வழியில் மரவள்ளிக் காடு வந்தது. கைதட்டவில்லை. தன் நாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறவர் என்பது எனக்கும் தெரிந்தது. இறங்கும்போது, "இனிமே நானும் உங்க ஊருங்க தம்பி" என்றார்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பார்த்துவிட்டுத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சில வருடங்கள் கழித்து எங்கள் வார்டுக்கு அண்ணி உறுப்பினர் தேர்தலில் நின்றார். ஏரிக்கரையில் கோழிக்கழிவும் பிளாஸ்டிக்கும் கொட்டுவதை நிறுத்துவேன், வாய்க்காலைத் திறப்பேன், வேறொன்றும் தெரியாது என்று வீடு வீடாகச் சொன்னார். 'வாய்க்கால்' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. எதிர்த்து நின்றவர், இவர் வெளிநாட்டுக்காரர், மனுவைத் தள்ள வேண்டும் என்று ஆட்சேபனை எழுதிக்கொண்டு என் கடைக்கு வந்தார். சாட்சியாகக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். குடியுரிமைச் சான்றிதழைக் கண்ணால் பார்த்தவன், அதைக் கவரில் போட்டு மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தவன், போட்டேன்.

பரிசீலனையில் அண்ணி சான்றிதழைக் காட்டினார். ஆட்சேபனை தள்ளுபடியானது. கையெழுத்துப் போட்டவர் பெயரை அதிகாரி சத்தமாகப் படித்தபோது அண்ணனும் அண்ணியும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள். அண்ணன் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. அண்ணி அன்று சாயங்காலமே வழக்கம்போல் கிழங்கு அடை கொடுத்தனுப்பினார். அதை நான் தொடவில்லை. என் மனைவி தின்றுவிட்டு, "உங்களுக்கெல்லாம் சூடு சொரணையே கெடையாதா?" என்று கேட்டாள்.

இந்த மலருக்கு எழுதித் தரச் சொன்ன அண்ணியின் மகளுக்கு இது இதுவரை தெரியாது. கண்ணு, நீ இதைப் படிக்கும்போது சித்தப்பாவைத் திட்டிக்கொள். திட்ட வேண்டியதுதான்.

அண்ணி ஜெயித்தார். 'சீனாக்காரம்மா' போய் 'மெம்பரம்மா' ஆனார். மொபெட்டில் ஏறினால் இறங்க மாட்டார். ஏரிக்கரையில் குப்பை கொட்டுகிறவர்களிடம் சண்டை போடாமல், அவர்கள் எதிரிலேயே குனிந்து அள்ளுவார். வெட்கப்பட்டே பாதிப் பேர் நிறுத்தினார்கள். நூறு நாள் வேலைப் பெண்களோடு தானும் மண்வெட்டி பிடித்து, மலையடிவாரத்திலிருந்து வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டே வந்தார். அந்த வருட மழையில் தண்ணீர் இறங்கியது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஊரே பார்க்க, தண்ணீர் வளைந்து வளைந்து வந்து, என் ஷெட்டில் முட்டி நின்றது.

மத்தியானம் அண்ணி வந்தார். மொபெட்டை ஓரமாக நிறுத்தினார்.

"தம்பிங்க, தண்ணி வந்துருச்சுங்க."

"பாத்தனுங்க அண்ணி."

"உங்க வாசல்ல நிக்குதுங்க. உள்ள கூப்புடலாமுங்களா?"

"தேங்கா வெட்டு முடியட்டுங்க. அப்புறம் பாக்கலாம்."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வில் கோபமோ குத்தலோ இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்று மற்ற உறுப்பினர்கள் சொன்னபோது, "நோட்டீஸ் குடுத்தா மரம் போவுங்க. தம்பியும் போயிடுவாருங்க" என்றாராம். இரண்டு மழைக்காலம் அப்படியே கழிந்தது. தண்ணீர் வரும், நிற்கும், பக்கத்துக் காட்டில் வீணாகப் பாயும். ஏரி காய்ந்தே கிடந்தது.

பிறகு அண்ணி நோயில் விழுந்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பி, "ஊர்ல மழைங்களா தம்பி?" என்று கேட்டார். "லேசா தூறுதுங்க. இந்த வருசம் எடுத்துடறன் அண்ணி" என்றேன். அதற்கும் அதே "சரிங்க"தான். அந்த வருட மழைக்கு அவர் இருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதானே நம் வழக்கம், கிளம்பினேன். அண்ணன் கூப்பிட்டார்.

"எங்கடா போற?"

"வூட்டுக்குத்தான், தலைக்குத் தண்ணி ஊத்திக்க."

"நேரா போவாதடா. உங்க அண்ணி ஊர்ல சாவுக்குப் போனா நேரா வூட்டுக்குப் போவ மாட்டாங்க. வழியில எங்கியாச்சும் நின்னுட்டுத்தான் போவணும். இல்லன்னா செத்தவங்க கூடவே வூட்டுக்கு வந்துடுவாங்கன்னு ஒரு பயம்."

"அதுக்காகத்தான் முக்குல உக்காந்தாங்களா?"

"பின்ன எதுக்கு? நெழலா இருக்குதுன்னு போவா. அங்க உக்காந்து உக்காந்துதான், இதுல ஏன் தண்ணியே வர்றதில்லன்னு ஒருநாள் கேட்டா. நீ என்னான்னு நெனச்ச?"

முக்குக்குப் போய், அதே பாலத்துக் கட்டையில், அண்ணி உட்காருகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். எதிரே சித்தேரி மலை தெரிந்தது. என் மரங்களைத் தேடினேன். ஒன்றுகூடத் தெரியவில்லை. மூங்கில் புதர் மறைக்கிறது. எழுந்து நின்று எட்டிப் பார்த்தாலும் தெரியாது. இருபது வருடத்துக்கு மேலாக அண்ணி அங்கே உட்கார்ந்து பார்த்தது மலையை. அங்கிருந்து தெரியவே தெரியாத மரங்களுக்குப் பயந்து, நான் அவரை நாடில்லாதவர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐயோ, அண்ணி!

மூன்றாம் நாள் ஜே.சி.பி. வரவழைத்தேன். ஐந்து தென்னையும் ஷெட்டும் போயின. அண்ணன் ஓரமாக வந்து நின்று பார்த்தார். ஐப்பசி மழையில் தண்ணீர் என் நிலத்தைத் தாண்டி ஏரிக்குள் போயிற்று. ஏரி நிரம்பிவிட்டது என்று எழுத ஆசைதான். பாதிக்குக் கொஞ்சம் மேல் நின்றது.

முதலாண்டு நினைவு நாளான இன்று உதவியவர்களைச் சொல்ல வேண்டும். சேலம் ஆஸ்பத்திரியில் அண்ணியின் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே ஊசி போட்ட நர்ஸ்கள், தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றபோது, ஆம்புலன்ஸுக்கு வழி ஏற்படுத்திக் கொடுத்த முகம் தெரியாத டிரைவர்கள், கோயில் ஃபாதர், குழி வெட்டுகிற இடத்தில் தாங்களே மண்வெட்டி பிடித்த நூறு நாள் வேலைப் பெண்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வாயால் நன்றி சொல்லக் கூடாது என்பதும் அண்ணி ஊர் வழக்கமாம். அதனால் அந்தச் சொல்லை இங்கே போடவில்லை. மனதில் இருக்கிறது.

பூசையும் படையலும் முடிந்து கிளம்புகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். வாய்க்கால் முக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீர் போகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் மட்டும் நேராக வீட்டுக்குப் போகப் போகிறேன். அண்ணி கூட வந்தால் வரட்டும். இந்த முறை வாசலில் நிற்க வைக்க மாட்டேன்.