ரேஸ் இன்ஜினும் மாமாவின் பையும்

என் அக்கா கணவரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. பாப்பாரப்பட்டியில் பட்டறை வைத்திருக்கிறார். சித்தேரி மலைக்கு மூட்டை ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு இன்ஜின் வேலை பார்த்தே பெயர் வாங்கியவர். அந்தத் தெம்பில், என் ரேஸ் காருக்கும் பாகங்களைத் தானே வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

துணிப்பையிலிருந்து கனத்த ஃபிளைவீல் சக்கரத்தை எடுத்து மேசைமேல் வைத்து, "இத மாட்டு மாப்ள, எந்த மேட்டுலயும் திணறாது," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரேஸ் டிராக்குல மேடு எங்க மாமா இருக்குது? நான் என்ன சாமை மூட்டையா ஏத்திக்கிட்டுப் போறேன்? இந்த எழவு எனக்கு வேணாங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "செரி, அத வுடு. பையில இன்னும் சாமான் இருக்குது, பாரு."

"நீங்க வாங்கியாந்த எதுவும் என் இன்ஜின்ல ஏறாது," என்று பையைக் காலால் மூலைக்குத் தள்ளினேன். அவர் கிளம்பிப் போய்விட்டார்.

லேசான ஃபிளைவீலும், வால்வுகளை வேகமாகத் திறந்துவிடும் ரேஸ் கேம்ஷாஃப்டும் நானே வாங்கி மாட்டினேன். திறந்த வால்வை இழுத்து மூடும் ஸ்பிரிங் மட்டும் பழையது. நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டேன். பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், அந்த வேகத்துக்கு ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் வால்வு பிஸ்டனில் மோதி, இன்ஜின் நாசமாகிவிட்டது.

பந்தயத்திலிருந்து திரும்பி வந்ததும், ஆத்திரத்தில் மூலையில் கிடந்த பையை எட்டி உதைத்தேன். உருண்டு வந்தவை புது வால்வு ஸ்பிரிங்குகள். ரேஸ் கேம்ஷாஃப்டுக்கென்றே செய்த கெட்டியானவை.

அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் என்னைத் திட்டக்கூட மாட்டார்.