பெட்டிக்கு ஒரு கொசுறு

விமானத்தில் பழம் அனுப்பப் போகிறேன் என்று சொன்னபோது ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான மஞ்சக்குட்டையில் சிரிக்காத ஆளில்லை. எங்கள் காபித் தோட்டத்தில் நிழலுக்காக நிற்கும் பட்டர் ஃப்ரூட் மரங்களை வருஷாவருஷம் ஒரு வியாபாரி பிஞ்சிலேயே விலை பேசி, காய் முற்றியதும் மூட்டை கட்டிச் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு போவார். மூட்டையில் போகிற காயைப் பெட்டியில் அடுக்கி சார்ஜாவுக்கு அனுப்பினால் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நேரத்தில் யாராவது என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருக்கலாம்.

சேலத்தில் மூன்று நாள் ஏற்றுமதிப் பயிற்சிக்குப் போனேன். நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். அதன்பிறகு ஆரம்பித்தது காகிதம். ஏற்றுமதி செய்கிறவள் என்பதற்கு ஒரு காகிதம், காயில் பூச்சி இல்லை என்பதற்கு ஒன்று, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஒன்று, அதே விஷயத்தை விமானக் கம்பெனிக்குத் தனியாகச் சொல்ல இன்னொன்று. எல்லாவற்றிலும் எடை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு காகிதத்தில் என் இன்ஷியலுக்குப் பின்னால் புள்ளி இருந்தது, மற்றதில் இல்லை. அந்தப் புள்ளிக்காக இரண்டு தடவை மலையிறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் புள்ளியைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

தோட்டத்து ஷெட்டில் பெட்டி போடும் வேலைக்கு, அதே மலையிலுள்ள வாழவந்தியிலிருந்து ஒரு பெண்ணைத் தலைமையாக வைத்தேன். கல்யாணமான புதிதில் ஏரி ரோட்டில் டூரிஸ்டுகளுக்குப் பழம் விற்றவள். பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், ஆறு வருஷம் அங்கேயே இருந்தாள். எட்டாவது படிக்கும் மகள் ஏற்காட்டில் மிஷன் பள்ளி ஹாஸ்டலில் இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தாயும் மகளும் பார்த்துக்கொள்வார்கள். என் ஷெட்டில் வேலை என்றதும் திருப்பூரை விட்டுவிட்டு வந்தாள். மகளை ஹாஸ்டலிலிருந்து எடுத்து ஊட்டுக்கே கூட்டி வந்து, பஸ்ஸில் அனுப்பிப் படிக்கவைக்கப் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சார்ஜாக்காரர் முதலில் அறுபது பெட்டி கேட்டிருந்தார். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் சீசன் முடியும்வரை வாரம் அறுபது. சேராவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான், அவளும் மறுபடி திருப்பூர் போக வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பெட்டி போட்டோம். பெட்டிக்குப் பதினாலு காய், நாலு கிலோ. நானே தராசில் வைத்துப் பார்த்து, சீட்டு ஒட்டி, அவள் பக்கம் தள்ளினேன். அவள் மூடி டேப் ஒட்டினாள். அவளுக்குக் கீழே இருந்த பத்துப் பெண்களும் பேச்சுகூட இல்லாமல் வேலை பார்த்தார்கள். மூடிகள் லேசாக உப்பியிருந்தன. மஞ்சு இறங்கின ஈரத்தில் அட்டை உப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தராசை நம்பினேன், என்னை நம்பினேன், வேறென்ன செய்வது.

சனிக்கிழமை விடிந்ததும் வேன் கிளம்பி, பதினோரு மணிக்குக் கோயம்புத்தூர் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணிக்குள் பெட்டிகளை ஒப்படைக்க வேண்டும். எனக்காகக் காகித வேலை பார்க்கும் ஏஜென்ட் தயாராக நின்றார். பெட்டிகளைப் பெரிய தராசில் ஏற்றினார்கள். காகிதத்தில் இருப்பதைவிட இருபது கிலோ கூட.

மறுபடி ஏற்றினார்கள். அதே இருபது கிலோ. ஏஜென்ட் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கடத்தல்காரி ஆகிவிட்டேன். ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணினேன். பதினைந்து காய். அடுத்ததிலும் பதினைந்து. ஷெட்டில் இருந்த வாழவந்திக்காரிக்கு போன் போட்டேன்.

“ஆமாங்க்கா, பொட்டிக்கு ஒண்ணு கொசுறு வெச்சனுங்க,” என்றாள், சந்தோஷமாக. “அத்தன தூரம் போவுது. கணக்கா எண்ணிப் போட்டா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

போனை வைத்துவிட்டேன். ஏரி ரோட்டில் ஒரு கிலோ வாங்கினால் ஒரு காயைக் கையில் திணித்து அனுப்புவார்கள், சரி. சார்ஜாவுக்குமா கொசுறு? அதுவும் நான் எடை போட்டுச் சீட்டு ஒட்டின பிறகு, டேப் ஒட்டுவதற்கு முன்னால்! ஏஜென்ட் இரண்டே வழி சொன்னார். எல்லாக் காகிதத்திலும் எடையை மாற்றலாம், ஆனால் அதற்குத் திங்கட்கிழமை ஆகும். இல்லையென்றால் கூடுதல் காயை எடுத்துவிடலாம். திங்கட்கிழமைவரை அந்தக் கொட்டகைச் சூட்டில் காய் தாங்காது. எடுத்துவிடுகிறேன் என்றேன்.

கொட்டகைக்கு வெளியே தார்ப்பாய் விரித்து அறுபது பெட்டியையும் பிரித்தோம். டிரைவர் டேப்பை அறுக்க அறுக்க நான் காயை எடுத்தேன். எந்தக் காயை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இருப்பதிலேயே பெரிசாக, மாசுமறு இல்லாததாகப் பார்த்து ஒவ்வொரு பெட்டியிலும் மேலே வைத்திருந்தாள். பாதியில் டேப் தீர்ந்துபோய், டிரைவர் ரோட்டுக்கு ஓடி வாங்கி வந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. அவளையும், பெட்டியையும், இந்த யோசனை வந்த நாளையும் வாய்க்குள்ளேயே சபித்தேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தராசு காகிதத்தோடு ஒத்துப்போனது. ஏஜென்ட் முதல்முறையாகச் சிரித்தார். எடுத்த காய்களை அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு மலையேறினேன்.

மறுநாள் ஞாயிறென்றும் பார்க்காமல் எல்லாரையும் ஷெட்டுக்கு வரச்சொன்னேன். பத்துப் பேர் முன்னால் அவளை நிற்கவைத்துத் திட்டினேன். யாரைக் கேட்டு வைத்தாய், உன் தாராளத்தை உன் ஊட்டில் வைத்துக்கொள், இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தால் எல்லார் பிழைப்பும் போயிருக்கும் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதானுங்க்கா,” என்று மட்டும் சொன்னாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது மனசு நிறைந்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை சார்ஜாவிலிருந்து போட்டோ வந்தது. தராசின் மேல் எங்கள் பெட்டி. நாலு கிலோவுக்கு நூற்றைம்பது கிராமுக்கு மேல் குறைவு. அடுத்த போட்டோவில் இன்னொரு பெட்டி, அதுவும் அப்படியே. எடுத்துப் பார்த்த பத்துப் பெட்டியும் குறைவு. பழம் நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் லோடிலேயே எடையில் ஏமாற்றுகிறவர்களோடு வியாபாரம் வேண்டாம் என்று எழுதியிருந்தார். நான் போன் போட்டேன், கெஞ்சினேன், தராசில் நானே நிறுத்தேன் என்று சத்தியம் செய்தேன். வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டதாகச் சொல்லி, போனை வைத்துவிட்டார்.

எடை எங்கே போயிருக்கும்? வழியில் யாராவது எடுத்தார்களா என்று ஏஜென்டிடம் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காய் வழியில் வற்றி எடை குறையும், அதற்கென்று பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, அந்த எடையையே முதலிலிருந்து காகிதத்தில் எழுதுவார்கள், இது எல்லாருக்கும் தெரியுமே, நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன், பயிற்சியில் சொல்லித்தரவில்லையா என்று கேட்டார். நோட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டாம் நாள் பக்கத்தில் இருந்தது. என் கையெழுத்துதான். அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வாழவந்திக்கு அவள் ஊட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் ஒரு கேவலமான ஆசை. காய் வற்றும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் பாதித் தப்பு அவள் மேல் போகுமே. வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

“வத்தும்னு எனக்கெங்கீங்க தெரியும்?” என்றாள். “வாங்கறவங்க மனசு நெறையட்டும்னு வெச்சதுங்க.”

நோட்டில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அந்தக் காயை எடுக்காமல் இருந்திருந்தால், எடையைச் சரியாக எழுதியிருந்தால், இன்றைக்கு அடுத்த லோடுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருப்போம் என்றேன். தப்பு என்னுடையது, உன்னைத் திட்டியிருக்கக் கூடாது என்றேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“உடுங்க்கா. நீங்க வேணும்னா செஞ்சீங்க?” என்றாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். அப்புறம்தான், இந்த மாசமே ஹாஸ்டலிலிருந்து எடுத்துவிடுவதாக மகளிடம் சொல்லிவைத்திருந்தாளாம், இனி அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அவள் திருப்பூர் போய்விட்டாள். நான் அவளைத் திட்டியபோது பத்துப் பேர் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்டபோது அந்த வாசலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.