ஆடுகள் குன்றில் இருந்த நேரம்

கூட்டத்துக்கே வராத ஒருவரின் சம்மதத்தை நான் எந்த உரிமையில் எழுதிக்கொண்டேன்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பட்டம் பெற்ற கையோடு, வறண்ட ஊர்களில் மழைநீரைத் தேக்கும் பணியில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். புனே நகரின் கட்கியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால், புனேக்குக் கிழக்கே மழை எட்டாத அந்த ஊருக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேரலாம். திரும்புவதற்குக் கடைசி பஸ் நான்கு மணிக்கு. அதனால் ஊர்க்கூட்டத்தைப் பதினொரு மணிக்கு வைத்தேன்.

குன்றின் சரிவில் பள்ளம் வெட்டிக் கன்று நடுவோம். ஐந்தாண்டுகளுக்கு அங்கே ஆடுமாடு மேயக் கூடாது. ஊர் முழுவதும் இதற்கு ஒப்ப வேண்டும் என்பது நிபந்தனை. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் கிணறும் உள்ளவர்கள். எல்லோரும் கைதூக்கினார்கள். ‘ஏகமனதாக’ என்று எழுதினேன்.

மறுவாரம் சரிவில் ஒரு பெண் என்னை வழிமறித்தாள். நிலமில்லாதவள், பதினான்கு ஆடுகள்தான் பிழைப்பு. மராத்தியில் கேட்டாள்:

“என்ன ஸாஹேப், என் ஆடுங்களும் கைதூக்கிச்சா?”

“தண்டோரா போட்டோமே, மாவ்ஷி,” என்றேன், சித்தி என்று அழைக்கும் அந்த ஊர் வழக்கப்படி. “நீங்கதான் வரலை.”

“பதினோரு மணிக்கு நான் இங்கதானே நிப்பேன்? ஆடு என்ன ஆபீசுக்கா போவுது, லீவு சொல்லிட்டு வர?”

பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

“மூணு வருஷத்துல கிணத்துல தண்ணி ஏறிடும், மாவ்ஷி.”

“யாரு கிணத்துல?”

சரிவை மூடாவிட்டால் கன்று பிழைக்காது. மூடினால் அவள் பிழைக்க முடியாது. இரண்டும் உண்மை. ஒரு பகுதியையாவது திறந்துவிடும்படி ஊர்த்தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் தீர்மானத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். “ஏகமனதான்னு நீங்கதானே எழுதினீங்க?”

தீபாவளிக்கு முன் அவள் ஆடுகளை வாரச்சந்தையில் விற்றுவிட்டு, கரும்பு வெட்டப் போகிறவர்களோடு லாரி ஏறினாள். மூன்றாம் வருடம் கிணறுகளில் நீர் ஏறியது. அதையும் நானேதான் அறிக்கையில் எழுதினேன், கை ஓயாமல், மனம் ஓய்ந்து.

அதன்பின் நான் பொறுப்பேற்ற ஊர்களில் முதல் பேச்சு ஆடு மேய்ப்பவர்களோடுதான், அதுவும் மந்தை பட்டிக்குத் திரும்பிய பிறகு. மேய்ச்சலுக்குச் சரிவில் ஒரு பங்கை அவர்கள் காட்டும் இடத்திலேயே ஒதுக்கிய பின்னரே தீர்மானம் எழுதினோம்.