ஜீவமணி எழுதாத இடம்

“ஏளா பிலோமி, வாயைக் கழுவிட்டுப் பேசு. ஜீவமணி தம்பி எங்க பாரை விசைப்படகுக்காரனுக்கு வித்துட்டு ஓடுனாராக்கும்? நீ கண்டியா?”

இந்தத் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் யார் அப்படிச் சொன்னாலும் இப்படித்தான் கேட்பேன். ஜீவமணிக்கு நாசரேத் ஊர். மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதினார். கரையோரத்துக் கம்பெனிக் கழிவால் மீன் சாகிறதா என்று விசாரிக்க எழுபத்தாறில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் மரியான் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம் தம்பியும் எதுவும் கேட்கவில்லை. கூட உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்தார். அதற்கப்புறம்தான் மரியான் ஒரு பாரைச் சொன்னார். பார் என்றால் கடலுக்கடியில் மீன் அடைகிற பாறை. கோயில் கோபுரமும் கம்பெனிப் புகைக்குழாயும் எப்படி நேர்கோட்டில் தெரிந்தால் அது கீழே இருக்கும் என்பதை, கூடப் பிறந்தவனிடம்கூட அவர் சொன்னதில்லை.

ஜீவமணி அதை அப்படியே எழுதிவிட்டார். இடம் சொன்னால்தானே நம்புவார்கள் என்று நினைத்திருக்கிறார். மீன் செத்ததை எவன் படித்தான்? அடையாளத்தைத்தான் படித்தார்கள். மறுநாள் எங்கள் பாரில் இருபது வள்ளம்.

தப்பு அவருடையதுதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒளியவில்லை. அன்று மத்தியானமே வந்து நின்றார்.

“அண்ணாச்சி, எத எழுதப்பிடாதுன்னு சொல்லித் தாங்க.”

“எழுதின பொறவா கேக்கீரு?”

“சோத்தைத் தின்னுட்டு ஏச்சு வாங்கும் தம்பி” என்று நான்தான் தட்டை வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்குப் படித்துக் காட்டாமல் எதையும் தபாலில் போட்டதில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. எது வில்லங்கம் என்று தெரியும். பாதியை அடிக்கச் சொல்வேன், அடிப்பார்.

மரியானுக்கு மட்டும் தெரிந்ததாக மிச்சமிருந்தது இன்னும் ஒரே ஒரு பார். மறு வருஷம் அங்கேயும் மீன் செத்து மிதந்தது. சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வள்ளத்தில் ஏறின ஜீவமணி, மரியானின் துண்டை வாங்கித் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டார். போக வர வாந்தி. “மாப்பிள்ளை கண்ணைக் கட்டிக்கிட்டு வாரான்” என்று கரையே சிரித்தது.

பத்திரிகையிலிருந்து தம்பிக்குக் கடுதாசி வந்தது. இடத்தை எழுதாவிட்டால் செய்தி வராது, வேலையும் கிடையாது. எங்கள் வீட்டில் வைத்துத்தான் படித்தார்.

மரியான் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். “எழுதிக்கிடும் தம்பி. கோபுரத்துக்குத் தெக்கே...”

“வேண்டாம் அண்ணாச்சி! தெரிஞ்சா எழுதிருவேன்.”

“மீனே சாவுது, பாரை வச்சு நான் என்னவே செய்ய? கோபுரத்துக்குத் தெக்கே...”

ஜீவமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.