பன்னிரண்டாவது கை

சாராவின் அணி கோல் போட்டது. பெண்கள் ஓடிவந்து, கையை உயரத் தூக்கி, உள்ளங்கையோடு உள்ளங்கை அடித்துக்கொண்டார்கள். ராயபுரம் மைதானத்தின் சிமெண்ட் படியில் உட்கார்ந்திருந்த பிராங்கிளின் மகளைப் பார்த்துச் சிரித்தான். ஊன்றுகோல் மடியில் கிடந்தது.

"இந்தக் கைதட்டு எங்க மேஸ்திரி கண்டுபிடிச்சது, தெரியுமா?" என்றான் கோச் யசோதராவிடம்.

"பீலா வுடாத மாமா. அமெரிக்காவுலேர்ந்து வந்தது அது."

"அமெரிக்காவாவது இன்னாவாவது. தோ, குந்திகினு கீறாரு பாரு. அவராண்டயே கேளு."

பக்கத்தில் இருந்த மேஸ்திரி அருள்பிரகாசம் தலையை ஆட்டிவைத்தார். யசோதரா சிரித்துக்கொண்டே கோட்டோரம் போய்விட்டாள்.

அது கொண்டாட்டத்துக்காக ஆரம்பித்ததில்லை. துறைமுகத்தில், கப்பலின் அடித்தளத்தில் இறங்கி உரத்தைக் கூட்டிக் குவிக்கிறவர்களுக்கு முகம் முழுக்கத் துணி. கிரேன் இரைச்சலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. அதனால் ஏணி ஏறி வருகிற ஒவ்வொருவனும் கையைத் தூக்க வேண்டும், மேஸ்திரி அதில் அடித்து எண்ண வேண்டும். பன்னிரண்டு பேரும் ஏறியானதும், உரத்தை அள்ள கிரேனின் ராட்சத இரும்பு வாளியை இறக்கச் சொல்வார். நாளாக ஆக, வேலை முடிந்த குஷியில் அவர்களே ஒருவருக்கொருவர் அடித்துக்கொண்டார்கள். தெருவுக்கும் வந்துவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கப்பல் ஒரு நாள் முன்னதாகவே காலியானது. ஒரே கூத்து. பன்னிரண்டு பேரில் ஒருவனான பென்னி மேஸ்திரி கையில் அடித்துவிட்டு, சுற்றிவந்து மறுபடி அடித்தான். அப்படி ஓங்கி அடிக்கிறவன் அவன் ஒருவன்தான். அருள்பிரகாசத்துக்குத் தெரிந்தது. தெரிந்தும், எல்லோரும் சிரிக்கிற வேகத்தில் பன்னிரண்டு என்று சொல்லி வாளியை இறக்கச் சொன்னார். கீழே பிராங்கிளின் மண்வெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

வாளி அவன் காலை நசுக்கியது. தலையிலும் அடி. அவனுக்கு அந்த நாளே நினைவில் இல்லை. விசாரணையில் மேஸ்திரி சொன்னார்: பிராங்கி கை அடிச்சிட்டு, சொல்லாம திரும்ப எறங்கிட்டான். எல்லோரும் நம்பினார்கள். பிராங்கிளினும்.

மைதானத்தில் இரண்டாவது கோல் விழுந்தது. பிராங்கிளின் அருள்பிரகாசம் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினான்.

"அடிங்க மேஸ்திரி!"

அவர் அடிக்காமல், அவன் தூக்கிய கை அங்கேயே நின்றது.

"பிராங்கி, அன்னிக்கு நீ மேலயே வரல."

"இன்னா?"

"பென்னி ரெண்டு வாட்டி அடிச்சான். எனுக்குத் தெரியும். நீ திரும்ப எறங்கினன்னு நான் சொன்னது பொய்."

பிராங்கிளின் கையை மெல்ல இறக்கினான்.

"பதினோரு வருஷமா வூட்ல ஜானட் என்னிய கூறுகெட்டவன்னு திட்டிகினு கீறா. நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிகினு கீறேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

பிராங்கிளின் மனைவியின் அந்தத் திட்டை அருள்பிரகாசம் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பலமுறை கேட்டிருக்கிறார்.

"வூட்டுக்கு வா. அவளாண்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

அருள்பிரகாசம் உடனே எழுந்தார்.

"குந்து. ஆட்டம் முடியட்டும். கொயந்தைக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேணாம்."

இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவர் உட்கார்ந்தார்.